பாக்கெட்டைக் கைவிடும் கலை

லினக்ஸ் ரவுட்டரிடம் அதன் வரிசைகளின் கணக்கைக் கேட்டால் ஒவ்வொரு கிளாஸுக்கும், அதாவது போக்குவரத்துப் பிரிவுக்கும், இரண்டு மூன்று வரிகளில் பதில் வரும். எத்தனை பைட் போயிற்று, எத்தனை பாக்கெட் டிராப் ஆயிற்று, எத்தனை முறை வேக வரம்பில் முட்டி நின்றது, இந்த நிமிடம் எத்தனை பாக்கெட் காத்திருக்கிறது. நெட்வொர்க் வேலையில் இருப்பவர்கள் பலருக்கு அதில் 'டிராப்' என்ற எண் மட்டும்தான் கண்ணில் படும். அது ஏறினால் பதற்றம், பூஜ்யமாக இருந்தால் நிம்மதி. நான் அந்த வரிகளை ரசித்துப் படிக்கிறவன். ஒரு வரிசை எதை வைத்துக்கொள்கிறது, எதை விடுகிறது, எந்தக் கணத்தில் விடுகிறது என்பதற்குப் பின்னால் நாற்பது வருடச் சிந்தனை இருக்கிறது. அதில் சில பக்கங்கள் கணினித் துறையிலேயே மிக அழகானவை என்று தயங்காமல் சொல்வேன்.

வேக வரம்பில் முட்டிய எண்ணிக்கையை, அதாவது 'ஓவர்லிமிட்'டை, டிராப் என்று நினைத்துக் குழம்புகிறவர்கள் உண்டு. டோக்கன், அதாவது வரம்பு வேகத்தில் சேரும் அனுமதி, இல்லாத பாக்கெட்டைச் சற்று நிறுத்தி வைத்து, டோக்கன் சேர்ந்ததும் அனுப்புவதுதான் ஷேப்பரின் வேலை. நிறுத்தும் ஒவ்வொரு முறையும் அந்த எண் ஏறும். லட்சக்கணக்கில் ஏறினாலும் ஷேப்பர் உழைக்கிறது என்றுதான் அதற்குப் பொருள். பாலிசர் என்ற இன்னொரு வகை அப்படியல்ல. டோக்கன் தீர்ந்ததா, பாக்கெட்டை அங்கேயே போட்டுவிடும். அதனிடம் காத்திருக்க வைக்க வரிசையே கிடையாது. சந்தாதாரரின் வேகத்தைக் கட்டுப்படுத்த இணைய நிறுவனங்கள் பல இடங்களில் பாலிசரைத்தான் வைத்திருக்கின்றன. இது பின்னால் முக்கியமாகும்.

சரி, உண்மையான டிராப்புக்கு வருவோம். அலுவலகத்துக்குள் 1 ஜிகாபிட், வெளியே போகும் இணைப்பு 100 மெகாபிட். ஐந்து நிமிடச் சராசரி வரைபடம் 30 சதவீதத்தைத் தாண்டவே இல்லை. ஆனாலும் டிராப் ஏறுகிறது. புதிதாக வேலைக்கு வந்தவரைத் தூங்கவிடாத புதிர் இது. விடை மில்லிவினாடிகளுக்குள் ஒளிந்திருக்கிறது. 1,500 பைட் பாக்கெட் ஒன்று ஜிகாபிட் கம்பியில் வந்து சேர 12 மைக்ரோவினாடி போதும். 100 மெகாபிட் கம்பியில் வெளியேற 120 மைக்ரோவினாடி வேண்டும். சர்வர் ஒரே மூச்சில் தள்ளினால் ஒரு மில்லிவினாடிக்கு 83 பாக்கெட் உள்ளே வரும், 8 மட்டும் வெளியேறும். சிஸ்கோவின் பழைய ஐஓஎஸ் ரவுட்டர்களில் ஒரு கிளாஸின் வரிசைக்கு இயல்பான கொள்ளளவு 64 பாக்கெட். ஒரு மில்லிவினாடி முடிவதற்குள் அது நிரம்பி வழிந்துவிடும். ஐந்து நிமிடச் சராசரிக்கு இந்த நிகழ்ச்சி தெரியவே தெரியாது. நொடிக்கு ஒருமுறை அளந்தாலும் தெரியாமல் போகலாம்.

இந்த இடத்தில் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது, வரிசையைப் பெரிதாக்கு என்பதுதான். 64 போதவில்லையா, 1,000 கொடு. ஓரளவு கொடுக்கத்தான் வேண்டும். வெடித்து வரும் பாக்கெட் கூட்டத்தைத் தாங்குவதற்காகத்தானே வரிசையே இருக்கிறது. ஆனால் எல்லை மீறினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 1,500 பைட் பாக்கெட் 1,000 என்றால் 1.2 கோடி பிட். 10 மெகாபிட் இணைப்பில் அது வடிய 1.2 வினாடி ஆகும். 1 மெகாபிட் அப்லோட் இணைப்பில் 12 வினாடி. டிராப் எண் பூஜ்யமாகி, அறிக்கையும் பார்க்க நன்றாக இருக்கும். போனில் பேசுகிறவரின் குரல் மட்டும் 12 வினாடி தாமதித்து வரும்.

இந்த ஆபத்தை ஜான் நேகிள் 1985 டிசம்பரிலேயே ஆர்எஃப்சி 970 என்ற சிறு ஆவணத்தில் எழுதிவிட்டார். முடிவே இல்லாத நினைவகம் கொண்ட ஒரு பாக்கெட் ஸ்விட்ச்சைக் கற்பனை செய்தார். ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் ஆயுள் குறிக்கப்பட்டிருக்கிறது. சுமை கூடிக்கொண்டே போனால் வரிசையின் கடைசியில் நிற்கும் பாக்கெட் முன்னால் வருவதற்குள் ஆயுள் முடிந்து செத்துவிடும். ஆக, இடமே தீராத அந்த ஸ்விட்ச் கடைசியில் எல்லாப் பாக்கெட்டையும் இழந்துவிடும். இடப் பற்றாக்குறைதான் டிராப்புக்குக் காரணம் என்ற நம்பிக்கையை இவ்வளவு சிக்கனமாக உடைத்த வாதம் வேறொன்றை நான் படித்ததில்லை.

அப்படியிருந்தும் நினைவகம் மலிவாகிக்கொண்டே வந்தது, மோடம்களிலும் ரவுட்டர்களிலும் வரிசைகள் வீங்கிக்கொண்டே போயின. எக்ஸ் விண்டோ அமைப்பை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் 2010-இல் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை அனுப்பியபோது ஒரு வினாடியைத் தாண்டிய தாமதத்தைக் கண்டு, அதைத் துரத்திக்கொண்டு போனார். அவர் அந்த நோய்க்கு வைத்த 'பஃபர்புளோட்' என்ற பெயர் நிலைத்துவிட்டது.

டிராப் ஏன் தேவை என்பதற்கு அதைவிடப் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1986 அக்டோபரில் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்துக்கும் பெர்க்லி பல்கலைக்கழகத்துக்கும் இடையிலான இணைப்பு, சுமார் 400 கஜத் தூரம், நொடிக்கு 32 கிலோபிட்டிலிருந்து 40 பிட்டுக்கு விழுந்தது. கணினிகள் தொலைந்ததைத் திரும்ப அனுப்பின. அனுப்பியது நெரிசலைக் கூட்டியது. நெரிசலில் இன்னும் தொலைந்தது. வான் ஜேக்கப்சன் 1988-இல் தந்த தீர்வில், பாக்கெட் தொலைந்தால் பாதை நெரிகிறது என்று டிசிபி (கணினிகள் தரவை அனுப்பும் நெறிமுறை) புரிந்துகொண்டு தன் வேகத்தைக் குறைக்கிறது. அன்றிலிருந்து டிராப் என்பது ரவுட்டர் அனுப்புநரிடம் சொல்லும் செய்தி. வரிசையை வீங்கவிட்டால் அந்தச் செய்தி தாமதமாகப் போய்ச் சேரும். அதுவரை அனுப்புநர் வேகத்தைக் கூட்டிக்கொண்டே இருப்பார்.

செய்தியை முன்கூட்டியே சொல்லலாமே என்று சாலி ஃபிளாய்டும் ஜேக்கப்சனும் 1993-இல் கொண்டுவந்தது ரெட் என்ற முறை. வரிசை நிரம்பும் முன்பே, சராசரி நீளம் ஏற ஏற, அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பாக்கெட்டை விடும். எல்லா டிசிபி இணைப்புகளும் ஒரே நேரத்தில் அடிபட்டு, ஒரே நேரத்தில் மீண்டு எழும் ஏற்ற இறக்கத்தை அது தவிர்த்தது. உயர்ந்த யோசனை. ஆனால் கீழ் எல்லை, மேல் எல்லை, நிகழ்தகவு, சராசரியின் எடை என்று அதைச் சுருதி சேர்க்கப் பல திருகாணிகள். ஒரு சுமைக்குப் பொருந்திய அமைப்பு இன்னொரு சுமைக்குப் பொருந்தாது. பலர் அதை இயக்காமலே விட்டுவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

2012 மே மாதம் கேத்லீன் நிக்கல்ஸும் ஜேக்கப்சனும் வெளியிட்ட கோடெல், என் பார்வையில், இந்தக் கலையின் உச்சம். அதை எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுப்பதில்லை.

அது வரிசையின் நீளத்தை அளவுகோலாகக் கொள்வதே இல்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் வரிசையில் எவ்வளவு நேரம் நின்றது என்று பார்க்கிறது. ரேஷன் கடையில் முன்னால் முப்பது பேர் நின்றாலும் எடை போடுகிறவரின் கை வேகமாக ஓடினால் பத்து நிமிடத்தில் வீடு திரும்பலாம். ஐந்தே பேர் நின்றாலும் அவர் எழுந்து போயிருந்தால் மதியம் ஆகிவிடும். இணைப்பின் வேகம் மாறினாலும் நின்ற நேரம் பொய் சொல்லாது. அதற்காகப் பாக்கெட் உள்ளே வரும்போது ஒரு நேர முத்திரை, வெளியே போகும்போது ஒரு கழித்தல், அவ்வளவுதான்.

அடுத்தது, எந்த நேரத்தைப் பார்ப்பது என்ற தேர்வு. சராசரியையும் உச்சத்தையும் விட்டுவிட்டுக் குறைந்தபட்சத்தை எடுத்துக்கொள்கிறது கோடெல். 100 மில்லிவினாடி நேரத்துக்குள் ஒரு பாக்கெட்டாவது 5 மில்லிவினாடிக்குள் வெளியேறிவிட்டால், திடீர்க் கூட்டம் வந்து வடிந்துவிட்டது என்று பொருள். அது நல்ல வரிசை, அதைத் தொட வேண்டியதில்லை. அந்த 100 மில்லிவினாடி முழுக்க ஒரு பாக்கெட்கூட 5 மில்லிவினாடிக்குள் போகவில்லை என்றால், வரிசை நிரந்தரமாகக் குடியேறிவிட்டது. யாருக்கும் பயன் தராமல் எல்லோரையும் தாமதிக்க வைக்கும் கெட்ட வரிசை அது. நல்லதையும் கெட்டதையும் பிரிக்க வேறெந்தப் புள்ளிவிவரமும் அதற்குத் தேவைப்படவில்லை. இந்தச் சிக்கனம் எனக்குப் பிரமிப்பாக இருக்கிறது.

கெட்டது என்று தெரிந்ததும் வரிசையின் தலையிலிருந்து ஒரு பாக்கெட்டை விடுகிறது. வாலில் விட்டால் முன்னால் நிற்பவை எல்லாம் போன பிறகுதான் செய்தி போய்ச் சேரும். தலையில் விட்டால் உடனே போகும். ஒன்றை விட்டும் பயனில்லை என்றால் அடுத்தது 100 மில்லிவினாடி கழித்து, பிறகு 100-ஐ இரண்டின் வர்க்கமூலத்தால் வகுத்த 71 கழித்து, பிறகு 58 கழித்து. இடைவெளி ஏன் வர்க்கமூலத்தில் சுருங்குகிறது? டிசிபியின் வேகம் இழப்பு விகிதத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால்தான். டிசிபியின் இயல்பு அறிந்து, அதற்கு எவ்வளவு அழுத்தம் போதுமோ அவ்வளவே கொடுக்கிறது கோடெல்.

அதனிடம் குறையே இல்லை என்று சொல்லமாட்டேன். 1 மெகாபிட் இணைப்பில் ஒரே ஒரு 1,500 பைட் பாக்கெட் போகவே 12 மில்லிவினாடி ஆகும்போது 5 என்ற இலக்குக்கு அர்த்தமில்லை. அங்கே இலக்கை உயர்த்தித்தான் ஆக வேண்டும். பின்னால் வந்த கேக் என்ற ஷேப்பர் இதைத் தானே செய்துகொள்கிறது.

கோடெலோடு இணைப்புவாரியாகப் பங்கிடும் முறையைச் சேர்த்ததுதான் எஃப்க்யூ-கோடெல். எரிக் டூமாஸே எழுதியது; 2012-இல் லினக்ஸ் 3.5-இல் சேர்ந்தது. இதை வீட்டு ரவுட்டர்கள்வரை கொண்டுபோகப் போராடியவர் டேவ் டாட். இயல்பாக 1,024 சிறு வரிசைகள். ஒரு பாக்கெட்டில் முடியும் டிஎன்எஸ் கேள்வி, பெரிய கோப்பின் பின்னால் மாட்டிக்கொள்ளாமல் போய்விடும்.

இப்போது பிழை தேடும் வேலைக்குத் திரும்பலாம். டிராப்பைப் பார்த்ததும் நான் கேட்கும் முதல் கேள்வி, எந்தக் கிளாஸில் என்பது. கோப்புகள் போகும் கிளாஸில் விழுவது டிசிபிக்குப் போகும் சேதி, கவலை வேண்டாம். குரல் போகும் முன்னுரிமை கிளாஸில் விழுந்தால் அது நிஜமான கோளாறு. ஜி.711 முறையில் போகும் குரல் 20 மில்லிவினாடிக்கு ஒரு பாக்கெட் அனுப்பும். தொலைந்ததைத் திரும்பக் கேட்க நேரமில்லை. ஐபி கணக்கில் ஓர் அழைப்புக்கு 80 கிலோபிட். பத்து அழைப்புக்கு ஒதுக்கிய இடத்தில் பதினோராவது நுழைந்தால், அந்த ஓர் அழைப்பு மட்டும் கெடாது; பதினொன்றும் கரகரக்கும்.

இரண்டாவது கேள்வி, டிராப் நம் வரிசையிலா, அடுத்தவர் இடத்திலா? நம் எண்கள் சுத்தமாக இருந்தும் இணைப்பு தடுமாறினால் பெரும்பாலும் விடை இணைய நிறுவனத்தின் பாலிசரில் இருக்கும். அது குரல், கோப்பு என்று பார்க்காது. நாம் அதன் வரம்பைத் தாண்டுவதற்குக் காரணம் பல நேரங்களில் தலைப்புச் சுமைக் கணக்கு. ஒவ்வொரு ஈத்தர்நெட் பாக்கெட்டும் கம்பியில் 38 பைட் கூடுதலாக எடுத்துக்கொள்கிறது. தரவை ஒரே அளவு செல்களாக வெட்டும் ஏடிஎம் முறையின் மேல் ஓடும் டிஎஸ்எல்லில் 49 பைட்டுக்கும் இரண்டு செல், 106 பைட் ஆகும். இதைக் கணக்கில் சேர்க்காத ஷேப்பர், சிறு பாக்கெட்டுகள் பெருகும் நேரத்தில், தான் வரம்புக்குள் இருப்பதாக நினைத்துக்கொண்டே வரம்பைத் தாண்டிவிடும். கூடுதல் பைட்டுகளைக் கணக்கில் சேர்த்து, ஷேப்பரை இணைப்பின் வேகத்தைவிடச் சற்றுக் கீழே, 95 சதவீதம் போல வைத்தால் நெரிசல் நம் ரவுட்டருக்குள் வந்துவிடும். எதைக் கைவிடுவது என்ற முடிவு நம் கைக்கு வரும்.

மூன்றாவது, ஷேப்பரின் அடியில் என்ன வரிசை இருக்கிறது? லினக்ஸில் எச்டிபி என்ற ஷேப்பரின் கிளாஸுக்கு எதையும் இணைக்காமல் விட்டால் வந்தபடி அனுப்பும் சாதாரண வரிசைதான் கிடைக்கும்; அதன் நீளம் பெரும்பாலும் 1,000 பாக்கெட். அழகாகப் பிரித்த கிளாஸ்களின் அடியில் இப்படி வீங்கிய வரிசைகள் கிடப்பதைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ஒரே வரிக் கட்டளையில் எஃப்க்யூ-கோடெலை இணைத்துவிடலாம்.

இதை வாசிக்கும் நீங்கள் ரவுட்டர் பார்க்கிறவராக இருந்தால் ஒரு வேண்டுகோள். டிராப் எண் ஏறியதும் வரிசையின் கொள்ளளவைக் கூட்டக் கை போகும். அதற்கு முன் பெரிய அப்லோட் ஒன்றை ஓடவிட்டு, பக்கத்தில் பிங்கை ஓட்டி, தாமதம் எத்தனை மில்லிவினாடி ஏறுகிறது என்று பாருங்கள். பத்து இருபதுக்குள் இருந்தால் டிராப் எண்ணை அப்படியே விடுங்கள்; உங்கள் வரிசை தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருக்கிறது.