வற்றும் குளத்துக்கு ஒரு மீன், வற்றாத குளத்துக்கு ஒரு மீன்

கொல்லையில் பெரிதாகக் குளம் வெட்டியவர்கள் முதலில் கேட்பது, எந்த மீனோடு எந்த மீன் ஒத்துப்போகும் என்பதுதான். இதற்கு இந்தியாவில் ஒரு பதிலும் இலங்கையில் வேறொரு பதிலும் பழக்கத்தில் இருக்கின்றன. மைசூரிலிருந்து 50 கிலோமீட்டர் தொலைவில், மாண்டியா மாவட்டத்துக் குன்றின் மேல் இருக்கும் மேல்கோட்டைக்கு இந்த இரண்டு பதில்களும் தேவைப்படுகின்றன. ஆற்றுப் பாசனம் எட்டாத உயரம் அது. கல்யாணிக் குளமும் அக்கா தங்கிக் கொளமும் பாறையில் விழுந்த மழையைத் தேக்கி வைக்க வெட்டியவை. இன்று அங்கே கொல்லையில் குளம் வெட்டுகிறவரும் அதே மழையைத்தான் நம்ப வேண்டும். இன்னொன்றும் உண்டு. இராமாநுசர் தங்கிய வைணவத் தலம் ஆதலால் ஊரில் பல வீடுகளில் மீன் சமைக்கும் வழக்கமே இல்லை. குளத்தில் விட்ட மீன் குளத்திலேயே கிடக்கும். மீனைத் தேர்ந்தெடுப்பதில் இதற்குப் பெரிய பங்கு இருக்கிறது.

இந்தியப் பண்ணைகளின் முறை, தண்ணீரை மூன்று அடுக்காகப் பார்ப்பது. கட்லா மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுவில், மிர்கால் அடியில். மூன்றையும் கையில் எடுத்து வாயைப் பார்த்தாலே இது புரிந்துவிடும். கட்லாவின் பெரிய தலையில் வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். மிர்காலின் வாய் கீழ்நோக்கி, சேற்றைத் துழாவ வசதியாக இருக்கும். ரோகுவின் உதடு ஓரத்தில் விளிம்பு கட்டியதுபோல் சிறு சுருக்கங்கள் தெரியும். நாலுக்கு மூன்று மூன்று என்ற விகிதத்தில் விட்டால் ஒன்றின் தீனிக்கு ஒன்று போட்டியாக வராது. பாசியும் கொடியும் மண்டுகிற குளமானால் சில புல்கெண்டைகளையும் சேர்ப்பார்கள்.

இந்த முறைக்கு இன்னொரு பலமும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. இந்த மூன்று கெண்டைகளும் தேங்கிய தண்ணீரில் தாமாக முட்டையிடுவதில்லை. ஆற்று வெள்ளம் வேண்டும். அதனால்தான் ஒரு காலத்தில் குஞ்சுக்காக ஆறுகளை நம்பியிருந்தார்கள். 1957 ஜூலை 10-ஆம் தேதி ஒடிசாவில் ஹீராலால் சவுத்ரி, பிட்யூட்டரிச் சுரப்பியின் சாற்றை ஊசியாகப் போட்டுக் கெண்டைகளை முட்டையிட வைத்தார். அந்த நாளைத்தான் இந்தியாவில் மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கொல்லைக் குளக்காரருக்கு இதில் என்ன இருக்கிறது என்றால், நூறு குஞ்சு விட்டால் நூறுக்கு மேல் போகாது.

இலங்கையின் வன்னியில் கணக்கே வேறு. அங்கே சிறு குளங்கள் வடகீழ்ப் பருவமழையில் நிரம்பி, ஆறேழு மாதம் நின்று, ஆடி ஆவணியில் வற்றிப்போகும். ஆகவே முதலில் கேட்கும் கேள்வி, தண்ணீர் எத்தனை மாதம் நிற்கும் என்பது. மழை முடியும்போது குஞ்சு விட்டு, வற்றும்போது வலை போட்டு முழுவதையும் எடுத்துவிடுகிறார்கள். பல ஊர்களில் இதை விவசாயிகளின் கமக்கார அமைப்புதான் முடிவு செய்கிறது. 1980-களில் இந்தியக் கெண்டைகள் அங்கே போய்ச் சேர்ந்து நன்றாகவே வளர்கின்றன. ஆனாலும் குளத்து மீன் என்றால் அந்த நாட்டில் இன்றைக்கும் திலாப்பியாதான்.

வேண்டாத மீனை ஒழிப்பதிலும் இரண்டு நாட்டுக்கும் வித்தியாசம் தெரிகிறது. விரால் இருக்கும் குளத்தில் கெண்டைக் குஞ்சு தப்பாது. வன்னியில் வெயிலே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. குளம் காய்ந்து வெடித்தால் விராலில் பெரும்பகுதி போய்விடும். வற்றாத இந்தியக் குளத்தில் இலுப்பைப் புண்ணாக்கை, எக்டேருக்கு 2500 கிலோ அளவில், ஊறவைத்துத் தெளிக்கிறார்கள். அதிலுள்ள சபோனின் மீனைக் கொன்றுவிடும். இரண்டு மூன்று வாரத்தில் விஷம் அடங்கி, மிச்சம் குளத்துக்கே எருவாகிவிடும். அதன் பிறகுதான் குஞ்சு.

இனி திலாப்பியா. நம் பக்கத்து ஜிலேபிக் கெண்டை. இலங்கைக் குளங்களில் 1950-களின் தொடக்கத்தில் பரவத் தொடங்கி, 1952-இல் தமிழ்நாட்டு மண்டபத்துக்கும் வந்தது. இரண்டு மூன்று மாதத்தில் பருவத்துக்கு வந்துவிடும். தாய் முட்டையை வாயில் வைத்துக் காக்கும், ஆபத்து வந்தால் குஞ்சுகள் மறுபடி அதன் வாய்க்குள் ஓடும். எந்த நேரமும் வலை விழுகிற நீர்த்தேக்கத்துக்கும், ஆண்டுதோறும் வற்றுகிற குளத்துக்கும் இந்தக் குணம் வரப்பிரசாதம். குஞ்சு வாங்கச் செலவே இல்லாமல் ஏழை வீட்டுக்கு மீன் கிடைக்கிறது. 1990-இல் இலங்கை அரசு உள்நாட்டு மீன்வளர்ப்புக்கு ஆதரவை நிறுத்தி, சில ஆண்டுகள் குஞ்சு விடும் வேலையே நின்றபோதும் குளத்தில் தானாகப் பெருகியது இந்த மீன்தான். அதை இகழ எனக்கு மனம் வராது.

ஆனால் யாரும் மீன் எடுக்காத மேல்கோட்டைக் கொல்லையில் இதே குணம் குளத்தைக் கெடுக்கும். ஒரு வருடத்தில் விரல் நீளத்துக்கு மேல் வளராத ஆயிரம் மீன் நெரிசலில் கிடக்கும். பக்தியோடு போடுகிற பொரியும் சோறும் அடியில் அழுகும். விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளந்து காற்றை விழுங்கினால், தண்ணீரில் பிராணவாயு தீர்ந்துவிட்டது என்று அர்த்தம். முதலில் சாவது கட்லாதான், அதுவும் பெரிய கட்லா.

என் முடிவு இது. குன்றின் மேல் குளம் வெட்டுகிறவர் இலங்கைக்காரரின் கேள்வியை முதலில் கேட்கட்டும். பங்குனி சித்திரையிலும் ஐந்தடித் தண்ணீர் நிற்குமானால் கட்லா, ரோகு, மிர்கால் மூன்றும் போதும். பண்ணைக் கணக்குப்படி 5 சென்ட் குளத்துக்கு நூறு குஞ்சு விடலாம். மீன் எடுக்காத வீட்டுக்கு ஐம்பதே அதிகம். கோடையில் வற்றும் குளமானால் கெண்டை வேண்டாம், கொசுப்புழு தின்னும் கப்பி மீன் போதும். எதுவானாலும் குஞ்சு வாங்கும்போது பையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். ஒரே ஒரு ஜிலேபிக் குஞ்சு கலந்திருந்தாலும் அந்தப் பையை வாங்காதீர்கள்.