வரத்துக்கு விலை உண்டு: ‘ஓ மை கடவுளே’ ஒரு மறுபார்வை

வரம் கேட்கும் கதையை எடைபோட ஒரு கேள்வி போதும்: வரம் வாங்கியவர் பதிலுக்கு எதை இழந்தார்? பஸ்மாசுரன் தன் தலையை இழந்தான். கைகேயி இரண்டு வரங்களைப் பெற்றுக் கணவனையும் மகனின் அன்பையும் இழந்தாள். நம் புராணங்களில் எந்த வரமும் இலவசமாக வந்ததில்லை. அந்த விலையில்தான் கதையின் அறம் இருக்கிறது. அஷ்வத் மாரிமுத்து தன் முதல் படமாக எடுத்த ‘ஓ மை கடவுளே’யை இந்தக் கேள்வியோடு மறுபடி பார்க்க வேண்டும் என்று தோன்றுகிறது. 2020 பிப்ரவரி 14 அன்று வெளியான படம் அது. அடுத்த மாதமே கொரோனாவால் திரையரங்குகள் மூடப்பட்டன. அதனால் பலர் இதை வீட்டில்தான் பார்த்தார்கள். பார்த்தவர்கள் இதன்மேல் வைத்த பிரியம் இன்றும் குறையவில்லை. பிரியம் இருக்கட்டும், தகுதி எவ்வளவு என்று பார்ப்போம்.

கதை எளியது. அர்ஜுன், அனு, மணி மூவரும் சிறுவயது முதல் நண்பர்கள். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என்றதும் அனு அர்ஜுனிடம், என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்கிறாள். அவன் யோசிக்காமல் சரி என்கிறான். தோழியை மனைவியாகப் பார்க்க அவனால் முடியவில்லை. மாமனாரின் கழிப்பறைக் கோப்பைத் தொழிற்சாலையில் கிடைத்த வேலையும் பிடிக்கவில்லை. பள்ளிக் காலத்து மீரா மீண்டும் எதிரே வர, குடும்பம் விவாகரத்து வரை போகிறது. குடும்ப நீதிமன்றத்தில் கிடைத்த ஒரு சின்ன இடைவெளியில் அவனைக் கடவுளிடம் கூட்டிப்போகிறார்கள். கடவுள் ஒரு டிக்கெட் தருகிறார். அனு கேட்ட அந்த நாளுக்கே திரும்பிப் போகலாம், இந்தமுறை வேறு பதில் சொல்லலாம். ஆனால் இதை யாரிடமும் சொல்லக் கூடாது. முடியாது என்று சொல்லி அவன் வாழத் தொடங்கும் இரண்டாம் வாழ்க்கைதான் மீதிப் படம்.

இந்தப் படத்தை அளக்க வெளியூர் அளவுகோல் தேவையில்லை. ஆசையும் அற்புதமும் நகைச்சுவையும் சேர்ந்த காதல் கதையை மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே பாடிவிட்டார். திருக்குற்றாலக் குறவஞ்சியில் உலா வரும் குற்றாலநாதரைப் பார்த்து வசந்தவல்லி மயங்குகிறாள். நிலவைப் பழிக்கிறாள், தோழியைத் தூது விடுகிறாள், கூடல் இழைத்துப் பார்க்கிறாள். பிறகு வரும் குறத்தி சிங்கி, மலைவளம் பாடி, கைபார்த்துக் குறி சொல்லி, நகைகளைப் பரிசாக வாங்கிக்கொண்டு போகிறாள். அவளைத் தேடி வரும் சிங்கன் அந்த நகைகளைப் பார்த்து வியந்து கேட்கும் கேள்விகள் அந்த நூலின் நகைச்சுவைச் சிகரம். இதன் கட்டுமானத்தில் கவனிக்க இரண்டு உண்டு. ஆசை யாருடையது என்பதில் குழப்பமே இல்லை, அது வசந்தவல்லியின் ஆசை. கடைசிவரை அவள் குரலில்தான் அது ஒலிக்கிறது. குறிக்குக் கூலியும் உண்டு. கூலியாகக் கொடுத்த நகைகளே அடுத்த காட்சியின் சிரிப்புக்கு விதையாகின்றன. கொடுத்தது எதுவும் கதையில் வீணாகவில்லை.

முதலில் படத்தின் பலம். சிக்கனத்தைக் குறையாக மறைக்காமல் அழகாக மாற்றியிருக்கிறார்கள். குற்றாலத்துக்காரர்களுக்கு இது புரியும். நடராசருக்கு ஐந்து சபைகள். சிதம்பரத்தில் பொன், மதுரையில் வெள்ளி, நெல்லையில் தாமிரம், திருவாலங்காட்டில் ரத்தினம். நம் குற்றாலத்தில் சுவரும் வண்ணமும் மட்டுமே. சித்திர சபையில் இறைவன் ஓவியமாகத்தான் ஆடுகிறான்; பக்தி அதனால் குறைந்துவிடவில்லை. ‘ஓ மை கடவுளே’யின் கடவுளுக்கும் பொன்னுலகம் கிடையாது. மேகம், ஒளிவட்டம், கணினி வரைகலை என்று எதற்கும் படம் செலவழிக்கவில்லை. விஜய் சேதுபதி ஒரு காதல் நீதிமன்றத்தின் அதிகாரியைப் போல உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் ரமேஷ் திலக். இருவரும் பேசுகிறார்கள், அவ்வளவுதான். அற்புதம் என்பது பேச்சின் தொனியிலேயே நிகழ்ந்துவிடுகிறது. 1967இல் வந்த ‘பட்டணத்தில் பூதம்’ பூதத்தின் வித்தைகளைக் காட்டிச் சிரிக்க வைத்தது. இந்தப் படம் வித்தையை ஒரு காகிதத் துண்டுக்குள் சுருக்கிவிட்டு, மனிதர்களைக் காட்டுகிறது. அது துணிச்சலான தேர்வு, சரியான தேர்வும்கூட.

இரண்டாவது பலம், முதல் பாதியில் சிரிக்க வைத்த காட்சிகளைப் பின்பாதியில் வேறு கோணத்தில் திருப்பிக் காட்டும் திரைக்கதை. மாமனாராக வரும் எம்.எஸ்.பாஸ்கர் இதற்குச் சிறந்த சான்று. முதல் வாழ்க்கையில் அவருடைய தொழில் வெறும் கேலிப்பொருள். இரண்டாம் வாழ்க்கையில், ஊரே சிரிக்கும் அந்தத் தொழிலைத் தான் ஏன் மதிக்கிறேன் என்று அவர் மனம் திறக்கும்போது, நாமும் சேர்ந்து சிரித்தோமே என்று உறைக்கிறது. ஒரு மனிதனை மருமகனாக இருந்து பார்ப்பதற்கும் வெளி ஆளாக நின்று பார்ப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த ஒரு காட்சி அளந்து காட்டுகிறது. காலத்தைத் திருப்பிவிடும் டிக்கெட் இல்லாமல் இது சாத்தியமே இல்லை. கற்பனைக் கூறு கதைக்கு உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இதுதான். படத்தின் உச்சம் என்று நான் இதைத்தான் சொல்வேன், காதல் காட்சிகளை அல்ல.

ரித்திகா சிங்கின் அனுவும் வாணி போஜனின் மீராவும் அடுத்த பலம். தமிழில் ஒருவனுக்கு இரு பெண்கள் என்றால் ஒருத்தியைத் தாழ்த்தித்தான் மற்றவளை உயர்த்துவார்கள். இங்கே மீராவுக்குத் தொழில் உண்டு, பழைய காதலின் காயம் உண்டு, தன்மானமும் உண்டு. அவளைப் பொல்லாதவளாக்காமல் கதையை முடித்தது இயக்குநரின் நாகரிகம்.

இனி குறைகள். கடவுள் விதித்த நிபந்தனையை எடுத்துக்கொள்வோம். அர்ஜுனின் அடிப்படைக் குற்றம் என்ன? மனதில் இருப்பதை அவன் சொல்லவில்லை. அனு கேட்டபோது தயக்கத்தை மறைத்தான். மணமான பின் வேலை பிடிக்கவில்லை என்பதையும் மறைத்தான். மறைத்து மறைத்தே ஒரு வீட்டைக் கலைத்தான். அப்படிப்பட்டவனுக்குக் கடவுள் வைக்கும் நிபந்தனை, யாரிடமும் சொல்லாதே என்பது. அவன் நோயையே மருந்தாகக் கொடுக்கிறார். ஆழமாகத் தோண்டியிருந்தால் பெரிய கதை கிடைத்திருக்கும்: உண்மையைச் சொன்னால் வரம் போகும், சொல்லாவிட்டால் அவன் பழைய அர்ஜுனாகவே இருப்பான். இந்த முடிச்சு கையில் இருந்தும், படம் அதைச் சிரிப்புக்கும் பரபரப்புக்குமே பெரிதும் செலவிடுகிறது. சிங்கியின் நகைகளைக் கவிராயர் வீணாக்கவில்லை. அஷ்வத் மாரிமுத்து இந்த நிபந்தனையை வீணாக்கிவிட்டார்.

இதைவிடப் பெரிய குறை, ஆசை யாருடையது என்பது. படத்தில் முதன்முதலாக ஆசையை வாய்திறந்து சொல்பவள் அனு. அதற்கு அவள் கொடுத்த விலை கொஞ்சமல்ல. தன்னை மனைவியாகப் பார்க்க முடியாத ஒருவனோடு ஓராண்டு வாழ்ந்து, நீதிமன்றப் படியேறினாள். மறுவாய்ப்பு கிடைப்பதோ அவனுக்கு. அவளிடம் கடவுள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அர்ஜுன் இரண்டு வாழ்க்கை வாழ்ந்து, இரு பெண்களையும் அறிந்து, கடைசியில் அனுவின் அருமையை உணர்கிறான். அந்த உணர்வு அவனுக்கு இருக்கிறது. ஆனால் அந்த இரண்டாம் வாழ்க்கையில் அனு யாராக இருந்தாள் என்பது அனுவுக்கே தெரியாது. முதல் வாழ்க்கைக்குத் திரும்பி, நீதிமன்றத்தில் அவன் மனம் மாறி நிற்கும்போது, அவள் பார்ப்பது காலையில் வந்த அதே கணவனை. அவள் ஏன் அவனை நம்ப வேண்டும்? படம் அவள் கண்ணீரைக் காட்டுகிறது, காரணத்தைக் காட்டவில்லை.

இதற்கு மறுமொழி உண்டு. இது அர்ஜுனின் கதை, தப்பு செய்தவனுக்குத்தானே திருந்த வாய்ப்பு தர வேண்டும் என்பார்கள். நியாயமான வாதம்தான். மணமுறிவுக்கு அவசரப்படுகிறவர்களை ஒரு நொடி நிற்க வைக்கும் நல்ல நோக்கமும் படத்துக்கு இருக்கிறது. ஆனால் திருந்துவதற்கும் தெரிந்துகொள்வதற்கும் வேறுபாடு உண்டு. அர்ஜுன் பலவற்றைத் தெரிந்துகொள்கிறான். அதற்காக அவன் எதையும் நிரந்தரமாக இழக்கவில்லை. சிம்புதேவனின் ‘அறை எண் 305-ல் கடவுள்’ (2008) இந்தப் படத்தைவிடக் கைத்திறன் குறைந்தது, அறிவுரை அதிகம். ஆனாலும் அதில் வேலையில்லாத இரு இளைஞர்கள் கடவுளின் சக்தியைத் திருடுகிறார்கள், அந்த ஆசைக்குப் பின்னால் வயிற்றுப்பாடு இருக்கிறது. அர்ஜுனின் ஆசைக்குப் பின்னால் இருப்பது சலிப்புதான். சலிப்பால் பிறந்த வரத்துக்குக் கூடுதல் விலை கேட்டிருக்க வேண்டும். கடவுள் தள்ளுபடி கொடுத்துவிட்டார்.

திறனாய்வில் இரக்கம் பார்க்கக் கூடாது என்பதைக் குற்றாலத்தில் வாழ்ந்த ரசிகமணி டி.கே.சி. செய்து காட்டினார். உயிராக நேசித்த கம்பனிலேயே, இது கம்பன் குரல் இல்லை என்று பட்ட பாடல்களை ஒதுக்கத் துணிந்தவர். அந்தத் துணிவோடு பார்த்தால், இந்தப் படத்தில் ஒதுக்க வேண்டியவை பின்பாதியின் நீளமும் அர்ஜுனின் திரையுலகக் கனவுக்கான சில காட்சிகளும். காக்க வேண்டியவை மாமனாரின் பேச்சு, கடவுளின் மேசை, மூன்று நண்பர்களின் கலகலப்பு, லியோன் ஜேம்ஸின் இசை. காக்க வேண்டியதே மிகுதி.

என் தீர்ப்பு இது. நகைச்சுவையாக ‘ஓ மை கடவுளே’ முதல் வரிசை. குறைந்த செலவில் கற்பனைக் கதை எடுப்பது எப்படி என்பதற்கு இளம் இயக்குநர்கள் படிக்க வேண்டிய பாடம். திருமணத்தைப் பற்றிய படமாக அது பாதி உண்மையைத்தான் சொல்கிறது, கணவனின் பாதியை. வரக் கதையாக அது முழுமை பெறவில்லை. 2022இல் இதையே தெலுங்கில் ‘ஓரி தேவுடா’ என்று வெங்கடேஷைக் கடவுளாக்கி எடுத்தபோதும் இந்த இடைவெளியை இயக்குநர் நிரப்பவில்லை. 2025இல் ‘டிராகன்’ எடுத்தபோது நிரப்பினார். அங்கே கடவுளும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. போலிச் சான்றிதழால் உயர்ந்தவன் கல்லூரிக்கே திரும்பிப் போய்ப் படிக்க வேண்டியிருக்கிறது. முடிவில் உண்மையைச் சொல்லி, பெற்ற வாழ்வை இழக்கிறான். மறுவாய்ப்புக்கு விலை உண்டு என்பதை அஷ்வத் மாரிமுத்து அங்கே ஒப்புக்கொண்டார். அந்த விலையை அர்ஜுனிடமும் கேட்டிருந்தால், நல்ல படமான ‘ஓ மை கடவுளே’ தலைமுறை தாண்டி நிற்கும் படமாகியிருக்கும்.