‘நன்று’ என்கிற வசவு

கதையை விமர்சிக்கிறோம், நாவலைக் கட்டுடைக்கிறோம். நம்மில் பலருடைய சோற்றையும் மானத்தையும் தீர்மானித்த ஓர் எழுத்து வகையை மட்டும் விட்டுவிடுகிறோம். மேலதிகாரி தன் கீழே வேலை செய்கிறவரின் திறமையை வருசத்துக்கு ஒரு தடவை எடைபோட்டு எழுதுகிற இரகசியக் குறிப்பைச் சொல்கிறேன். ஆபீஸ் பாஷையில் சி.ஆர்.

இந்தப் பிரதிக்கு ஓர் இலக்கணம் உண்டு. எழுதுகிறவர் மேலே இருப்பார். படிக்கிறவர் அதற்கும் மேலே. யாரைப் பற்றி எழுதப்படுகிறதோ அந்த ஆளுக்கு மட்டும் படிக்கிற உரிமை கிடையாது. பாதகமாக எழுதியிருந்தால் சொல்வார்கள். மற்றபடி கவர் ஒட்டப்பட்டுவிடும்.

திருநெல்வேலி டவுணில் ஓர் அரசு அலுவலகத்தில் பல வருசம் எழுத்தராக இருந்தேன். எங்கள் அதிகாரி அனுப்பிய கடிதங்களில் பாதிக்கு மேல் நான் எழுதிய வரைவுகள். ஒரு கமாவைக்கூட மாற்றாமல் கையெழுத்துப் போடுவார். எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த இரண்டு பேர் பதவி உயர்வில் என்னைத் தாண்டிப் போனார்கள். காரணம் கேட்க வழியில்லை. அந்தக் கவர்களைக் கையாண்ட மூத்த ஊழியர் ஒருவர், வாகையடி முக்கில் டீ குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார்.

“எல்லா வருசமும் ஒமக்கு ‘குட்’ போட்டிருக்கு வே. அவனுவளுக்கு ‘வெரி குட்’.”

“‘குட்’னா நல்லதுதான அண்ணாச்சி?”

அவர் சிரித்தார். “நீரு பள்ளிக்கூடத்துல படிச்ச இங்கிலீசு வேற, கவருக்குள்ள இருக்க இங்கிலீசு வேற.”

இதைவிடச் சரியான விமர்சன வாக்கியத்தை நான் படித்ததில்லை. திட்டினால் மேல்முறையீடு செய்யலாம். பாராட்டை எதிர்த்து எங்கே போவது? சாதி இங்கே பேர் சொல்லிக் கூப்பிடாது. ‘நன்று’ என்று எழுதிவிட்டுப் போய்விடும்.

இது என் ஒருவன் கதை இல்லை. எல்லைச் சாலைகள் பொறியியல் பணியில் இருந்த தேவ் தத் என்கிற பொறியாளருக்கு 1993-94ஆம் ஆண்டுக் குறிப்பில் ‘நன்று’. பதவி உயர்வுக்கோ ‘மிக நன்று’ வேண்டும். குறிப்பை அவருக்குத் தெரிவிக்கவே இல்லை. 2008இல்தான் உச்ச நீதிமன்றம் எந்த மதிப்பீடானாலும் ஊழியருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றது. அதற்குள் அவர் ஓய்வு பெற்றுவிட்டார்.

அதிகாரிகளுக்கான படிவத்தில் இன்னொரு கட்டம் இருந்தது: பட்டியல் சாதியார், பழங்குடியினர்பால் இவருடைய மனப்பாங்கு எப்படி? கேள்வி சரிதான். பதில் எழுதுவது யார்? அவருக்கும் மேலே உள்ள அதிகாரி. அந்த மனப்பாங்கைத் தினமும் மேசைக்கு இந்தப் பக்கம் நின்று அனுபவிக்கிற நம்மை யாரும் கேட்பதில்லை.

அரசமைப்புச் சட்டம் 335ஆவது பிரிவு, பணி நியமனங்களில் நமது உரிமையைக் கருதச் சொல்கிறது. கூடவே ‘நிர்வாகத் திறன்’ கெடக்கூடாது என்கிறது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருசம் நம்மை வெளியே நிறுத்தினார்கள்! கர்நாடகப் பதவி உயர்வு வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம், எல்லாப் பிரிவினரும் இடம்பெறுவதையும் சேர்த்துத்தான் நிர்வாகத் திறனைப் பார்க்க வேண்டும் என்றது. நல்ல தீர்ப்பு. ஆனால் ஒவ்வோர் ஊழியரின் திறனையும் அளக்கிற பேனா எந்தக் கையில் இருக்கிறது என்பதுதான் என் கேள்வி.

மத்திய அரசில் 2009இலிருந்து குறிப்பை ஊழியரிடம் காட்டுகிறார்கள். 15 நாளுக்குள் மறுப்பு எழுதலாம். வார்த்தைக்குப் பதில் பத்துக்கு இத்தனை என்று எண் போடுகிறார்கள். எண்ணுக்குச் சாதி தெரியாது என்று நம்பிவிட வேண்டாம். அதைப் போடுகிற கைக்குத் தெரியும்.

இப்போது வேலையில் இருக்கிற தோழர்களுக்குச் சொல்கிறேன்: உங்கள் குறிப்பைக் கேட்டு வாங்குங்கள். ஒரு விமர்சகனின் கண்ணோடு வாசியுங்கள். ‘நன்று’ என்று இருந்தால் எதை வைத்து என்று கேளுங்கள். நீங்கள் செய்த வேலையைத் தேதியோடு எழுதிவையுங்கள். 15 நாள் சீக்கிரம் ஓடிவிடும்.

என்னைப் பற்றிய குறிப்புகளை இன்றுவரை நான் கண்ணால் பார்த்ததில்லை. அவற்றுக்கு நான் எழுதாத மறுப்பாக இதை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வரைவையும் நானேதான் எழுதினேன். இந்தத் தடவை கையெழுத்தும் என்னுடையது.