வண்டின் வேகமும் சுரத்தின் ஆயுளும்

பூசலார் மனத்துக்குள்ளேயே கோயில் கட்டி முடித்தார் என்று பெரிய புராணம் கூறும் ஊர் நம் திருநின்றவூர். கல்லும் பொருளும் இல்லாதவருக்கு மனம் போதுமானதாக இருந்தது. இன்று இவ்வூரின் மாடிக் குடியிருப்புகளில் மாலை நேரத்தில் கீபோர்டு கற்கும் பிள்ளைகளைக் கேட்கும்போதெல்லாம் அவர் நினைவு நமக்கு வருவதுண்டு. பியானோவுக்கு 88 கட்டைகள். பிள்ளைகளின் மேசை மீதிருக்கும் கருவிக்கோ பெரும்பாலும் 61. மீதி 27 கட்டைகளை அவர்கள் மனத்தில்தான் கட்டிக்கொள்ள வேண்டும்.

அப்பிள்ளைகளின் பெற்றோர் தவறாமல் உச்சரிக்கும் பெயர் லிடியன் நாதஸ்வரம். 2005-இல் பிறந்த சென்னைச் சிறுவர். தந்தை வர்ஷன் சதீஷ் இசையமைப்பாளர். ஏ.ஆர். ரஹ்மான் 2008-இல் நிறுவிய கே.எம். இசைக் கல்லூரியில் பயின்றவர். 2019 மார்ச்சில், பதின்மூன்று வயதில், அமெரிக்கத் தொலைக்காட்சியின் ‘தி வேர்ல்ட்ஸ் பெஸ்ட்’ போட்டியில் வென்று பத்து லட்சம் டாலர் பரிசு பெற்றார். அந்த வெற்றியில் நமக்கும் பெருமை உண்டு. ஆனால் எதற்காக அவர் கொண்டாடப்பட்டார் என்பதை ஆராயாமல் விட முடியவில்லை.

அவர் அங்கே வாசித்தது ரஷ்ய இசைமேதை ரிம்ஸ்கி-கோர்சகோவின் ‘வண்டின் பறத்தல்’. ஓர் இசை நாடகத்தில், இளவரசன் வண்டாக உருமாறிப் பறக்கும் காட்சிக்காக வாத்தியக் குழுவுக்கென்று எழுதப்பட்ட சிறு பகுதி அது. அடுத்தடுத்த அரைச் சுரங்களில் ஏறியும் இறங்கியும் ஓடுவதே அதன் அமைப்பு. லிடியன் அதை முதலில் நிமிடத்துக்கு 208 துடிப்பு வேகத்திலும், பின்னர் 325 துடிப்பு வேகத்திலும் வாசித்தார். அரங்கம் எழுந்து நின்றது.

ஒரு துடிப்புக்கு நான்கு சுரம் என்று வைத்துக்கொண்டால், இரண்டாவது வேகத்தில் ஒரு விநாடிக்கு இருபத்தொன்றுக்கும் மேற்பட்ட சுரங்கள் விழுகின்றன. விநாடிக்கு ஏறத்தாழ இருபது ஒலிகள் என்ற எல்லையை எட்டும்போது மனிதச் செவி அவற்றைத் தனித்தனியாகப் பிரித்தறிய இயலாமல் ஒரே இரைச்சலாகக் கேட்கத் தொடங்கிவிடும். வண்டைப் பாடும் இசை வண்டாகவே ஆகிவிட்டது என்று வேடிக்கையாகச் சொல்லலாம். ஆனால் 208-இல் கேட்கக் கிடைத்த மேடுபள்ளமும் அழுத்தமும் 325-இல் இல்லை. நம் செவிக்கு முதல் வாசிப்பே இசை. இரண்டாவது, வியக்கத்தக்க விரல் பயிற்சி. இரண்டு பியானோக்களை ஒரே சமயத்தில் வாசித்ததையும் இந்த இரண்டாவது வகையிலேயே சேர்ப்போம்.

இதில் குற்றம் சிறுவருடையது அன்று. அளக்கக் கூடியதை மட்டுமே போட்டியால் அளக்க முடியும். வேகத்துக்கு எண் உண்டு. குழைவுக்கு எண் ஏது?

அவருடைய பெயரிலேயே நாதஸ்வரம் இருப்பது நம் சிந்தனையை இன்னொருவரிடம் இழுத்துச் செல்கிறது. ஆந்திரத்தின் கரவதியில் 1924-இல் பிறந்து, ஸ்ரீரங்கத்தில் குடியேறி, 1998-இல் சென்னை மியூசிக் அகாடமியின் சங்கீத கலாநிதி விருது பெற்ற ஷேக் சின்ன மௌலானா சாகிபு அவர்கள். அவர் புகழ் இராக ஆலாபனையில் நின்றது. ஒரே சுரத்தை மூச்சால் தாங்கி, வளைத்து, அடுத்த சுரத்தின் வாசல் வரை கொண்டுபோய்த் திரும்ப அழைத்து வருவார். அவசரம் என்பதே அங்கில்லை.

பியானோவால் இது ஆகாது. சுத்தியல் தந்தியைத் தட்டிய கணத்திலிருந்து சுரம் தேயத் தொடங்குகிறது. அதை வளைக்கவும் வழியில்லை, வளர்க்கவும் வழியில்லை. கமகத்துக்கு இடம் தராத கட்டை வாத்தியம் என்பதும் ஒரு காரணமாகவே அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஹார்மோனியத்தை விலக்கி வைத்தது. அத்தடை கடுமையானது என்பதே நம் கருத்து. எனினும் அதன் பின்னிருந்த செவி பொய்யான செவியன்று.

சென்னைப் பியானோ கலைஞர் அனில் சீனிவாசன் இக்குறையை உணர்ந்தே வழி கண்டார் என்று தோன்றுகிறது. சிக்கில் குருசரண் பாட, கமகத்தைப் பாட்டுக்கே விட்டுவிட்டு, அதன் அடியில் நிழல் விரிப்பதுபோல் சுர அடுக்குகளை வைக்கிறார். சில இடங்களில் அந்த நிழல் அளவுக்கு மீறி இனித்துவிடுகிறது என்பது நம் குறை. ஆயினும் கருவியின் இயல்பை அறிந்து, இயலாததை அதனிடம் கேளாத பண்பு அவருடையது.

லிடியனும் அந்தப் போட்டியோடு நின்றுவிடவில்லை. இளையராஜாவிடம் மாணவராகச் சேர்ந்தார். 2024 டிசம்பரில் வெளியான மோகன்லாலின் ‘பரோஸ்’ படத்துக்கு இசையமைத்தார். உலகமே கைதட்டிய பின்னும் ஒரு குருவின் முன் அமர்ந்த அந்த அடக்கம், 325 என்ற எண்ணைவிட நமக்குப் பெரிதாகப் படுகிறது. அவர் தனியாக அமர்ந்து, மெதுவான ஒரு பகுதியை முழுக் கச்சேரியில் வாசிக்கக் கேட்க வேண்டும் என்பதே நம் ஆவல்.

சென்ற வாரம் அடுத்த வீட்டுச் சிறுமி கீபோர்டில் ஒரு பயிற்சியை வாசித்துக்கொண்டிருந்தாள். “இன்னும் வேகமாக வாசிம்மா” என்று அவள் வாப்பா ஊக்கப்படுத்தினார். அவ்வேளை திருவள்ளூர் நோக்கிச் செல்லும் மின்சார ரயிலின் ஓசை எல்லாவற்றையும் மூடிக்கொண்டது. அது கடந்த பின் கேட்டபோது, அவள் பழைய வேகத்திலேயே, ஒரு கட்டையை அழுத்தி, அந்த ஒலி முழுதும் தேயும்வரை விரலை எடுக்காமல் இருந்தாள்.