பதினோரு எண்களில் அடங்குமா ஒரு வைரஸ்?

பிறந்து சில வாரமே ஆன கன்றுக்குக் கழிச்சல் என்றால் முதல் சந்தேகங்களில் ஒன்று ரோட்டா வைரஸ். இதன் மரபணுத் தொகுப்பு 11 தனித்தனித் துண்டுகள். ஒரே செல்லுக்குள் இரண்டு ரோட்டா வைரஸ்கள் நுழைந்துவிட்டால் துண்டுகள் இடம் மாறி புதுக் கலவை பிறக்கும். இது தெரிந்தும், பல வருஷம் வெளிப்புறப் புரதங்கள் இரண்டை மட்டும் பார்த்து ஜி6பி[5], ஜி10பி[11] என்று பெயர் வைத்தார்கள். பதினோரு ஃபைலில் இரண்டைத் திறந்து பார்த்துவிட்டு மொத்த சாஃப்ட்வேரின் வெர்ஷனைச் சொல்கிற மாதிரி.

2008-ல் ஜர்னல் ஆஃப் வைராலஜி இதழில் மத்தெய்ன்சென்ஸ் குழு எழுதிய கட்டுரை இதை மாற்றியது. 11 துண்டுக்கும் ஆளுக்கொரு எழுத்து, ஒரு எண். மனிதர்களிடம் சுற்றும் 'டபிள்யூஏ' வகைக்கும் பன்றி வைரஸுக்கும், 'டிஎஸ்-1' வகைக்கும் மாட்டு வைரஸுக்கும் பொது மூலம் உண்டு என்று காட்டியதும் இதுதான். அருமையான வேலை, சந்தேகமில்லை.

எனக்கு உறுத்துவது அதன் எல்லைக்கோடு. விபி7 மரபணுவில் 80 சதவீதம் ஒத்துப்போனால் ஒரே எண். என்எஸ்பி5-க்கு 91 சதவீதம். அதாவது இரண்டு ஜி6 வைரஸ்கள் தமக்குள் ஏறக்குறைய 20 சதவீதம் வரை வேறுபடலாம், பெயர் ஒன்றுதான். இது டேட்டாவை ரவுண்ட் பண்ணிச் சேமிப்பது. தேடுவதற்கு சௌகரியம், ரவுண்ட் பண்ணியதில் போனது திரும்பி வராது.

இதனால் என்ன சிக்கல்? டிஎஸ்-1 வகையும் வழக்கமான மாட்டு வைரஸும் ஐ2, ஆர்2, சி2, எம்2, என்2, இ2 என ஆறு இடத்தில் ஒரே எண். ஒரு குழந்தையிடம் ஐ2 கிடைத்தால் அது போன வருஷம் தொழுவத்திலிருந்து வந்ததா, இல்லை எந்தக் காலத்திலோ பிரிந்து மனிதரிடமே சுற்றியதா? குறியீடு சொல்லாது. ஏ3, டி6, எச்3 சேர்ந்து வந்தால் மாட்டுப் பக்கம் கை காட்டலாம். அதுவும் எந்த விலங்கு வழி என்று சொல்லுமே தவிர, எப்போது தாண்டியது என்று சொல்லாது.

நம் ஊரில் இது வெறும் ஏட்டுக் கேள்வி இல்லை. வேலூரில் பச்சிளம் சிசுக்களிடம் ஜி10பி[11] கிடைத்திருக்கிறது. இந்தியக் கன்றுகளிடமும் அதே ஜோடி உண்டு. டெல்லியில் 1980-களில் சிசுக்களிடம் எடுத்த 116இ, மாட்டு வழி வந்த பி[11] மரபணுவைச் சுமந்த மனித வைரஸ். அதுதான் ரோட்டாவேக் ஆகி, 2016 முதல் அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் குழந்தைகளுக்குப் போகிறது.

ஆகவே 'மாட்டிலிருந்து வந்தது' என்று முடிக்கும் கட்டுரையைப் படித்தால், நான் எண்கள் இருக்கும் அட்டவணையோடு நிறுத்துவதில்லை. ஒவ்வொரு துண்டுக்கும் வம்சாவளி மரம் போட்டிருக்கிறார்களா, அந்த ஊர்க் கன்றுகளின் வைரஸ் அதில் பக்கத்துக் கிளையில் இருக்கிறதா என்று தேடுவேன். அதே ஊரில், அதே காலத்தில் கன்றுகளிடம் மாதிரியே எடுக்கவில்லை என்றால் அந்த முடிவை ஊகம் என்றுதான் எடுத்துக்கொள்வேன்.