கோல்மனின் 98 ஆட்டங்கள்

மெல்பர்னில் குளிர்காலம் வந்துவிட்டால் ஃபுட்டி எனப்படும் ஆஸ்திரேலிய ஃபுட்பாலின் ரசிகர்களிடையே ஒரு வழக்கும் வந்துவிடும்: இந்த ஆண்டு புகழ் மன்றத்தில் யார் பெயர் ஏறும்? வழக்காடுபவர்கள் பெரும்பாலும் எண்களோடு வருவார்கள். எத்தனை ஆட்டம், எத்தனை கோல், எத்தனை கோப்பை. அவர்களுக்கு என் பதில் ஒரே பெயர்தான்: ஜான் கோல்மன்.

எஸ்ஸெண்டன் அணிக்காகக் கோல்மன் ஆடியது 98 ஆட்டங்கள் மட்டுமே. இன்று ஓரளவு நன்றாக ஆடுகிற பையன்கூட ஐந்தாறு பருவங்களில் அந்தக் கணக்கைத் தாண்டிவிடுவான். ஆனால் 1996இல் ஆஸ்திரேலிய ஃபுட்பால் புகழ் மன்றம் தொடங்கியபோது, முதலில் சேர்க்கப்பட்ட 136 பேரில் தனியே பிரித்து 'மாமேதை' வரிசையில் வைத்த பன்னிருவருள் அவரும் ஒருவர். 1949இல் ஹாத்தார்னுக்கு எதிரான முதல் ஆட்டத்திலேயே 12 கோல். அதே பருவத்தின் நூறாவது கோலை இறுதிப் போட்டி முடியும் தறுவாயில் அடித்தார். 1954இல் ஒரு வாரம் 14 கோல் அடித்தவர், அடுத்த வாரம் முழங்கால் விலகி விழுந்தார். வயது 25. அதோடு ஆட்டம் முடிந்தது. மொத்தம் 537 கோல்.

அந்த 537ஐவிட அவை வந்த விதம்தான் பேசத் தக்கது. ஃபுட்டியில் பந்து நீள்வட்டம். பதினைந்து மீட்டருக்குக் குறையாமல் உதைபட்டு வரும் பந்தை யார் கையும் படுமுன் பிடித்தால் அது 'மார்க்'. பிடித்தவரை அதன்பின் தொடக்கூடாது. நின்று நிதானித்து உதைக்கலாம். கோல்மன் அந்த மார்க்கை, முட்டி மோதி நிற்கும் கூட்டத்தின் தோள்களுக்கு மேலே எழும்பிப் பிடித்தார். பந்து எங்கே இறங்கும் என்று மற்றவர்கள் அண்ணாந்து தேடும்போது இவர் ஏற்கெனவே அங்கே மேலே இருப்பார். இப்படிப்பட்டவரிடம் போய் ஆட்டக் கணக்குக் கேட்பது, திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியை எத்தனை கச்சேரியில் வாசித்தார் என்று எண்ணி மதிப்பிடுவதைப் போன்றது. மன்றத்தின் விதியும் இதையேதான் சொல்கிறது: திறமை, நேர்மை, விளையாட்டுப் பண்பு, குணம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையைக் கருதலாம், அதுவே தீர்ப்பாகக் கூடாது.

கோப்பைக் கணக்குக்காரர்களுக்கு நான் நீட்டும் பெயர் பாப் ஸ்கில்டன். சவுத் மெல்பர்ன்காரர், உயரம் 171 சென்டிமீட்டர். நல்ல அணி அமையாத பாவம், அத்தனை பருவங்களிலும் பருவ முடிவில் முன்னணி அணிகள் மட்டும் மோதும் 'ஃபைனல்ஸ்' சுற்றில் அவர் ஆடிய ஆட்டம் ஒன்றே ஒன்று, 1970இல். ஆனால் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரருக்கான பிரவுன்லோ பதக்கம் மூன்று முறை: 1959, 1963, 1968. அவரைத் தடுக்க வருபவன் எந்தப் பக்கம் மறிப்பது? இடது காலும் வலது காலும் அவருக்கு ஒன்றே. ஒரு பக்கம் சாய்ந்து ஓடி, எதிராளி அந்தப் பக்கமே நம்பி வரும் கணத்தில் மற்றக் காலால் உதைத்துவிடுவார். சிறிய உடம்புக்காரர் பெரிய உடம்புகளுக்கு நடுவே பிழைத்த சூட்சுமம் இது.

அதே சிவப்பு வெள்ளை அணியில் அவருக்கு முன்னால் ராய் கஸாலி. பந்தை மேலே எறிந்ததும் எம்பித் தட்டும் 'ரக்' வேலைக்கு 180 சென்டிமீட்டர் போதாது. கஸாலிக்குப் போதுமாயிருந்தது. "மேலே போ, கஸாலி!" என்று சக ஆட்டக்காரர்கள் எழுப்பிய குரல், பிறகு ஆஸ்திரேலியப் படைவீரர்களின் போர்க்குரலாகவே ஆனது. அடுத்து பாப் பிராட். 1934இல் ஒரே பருவத்தில் 150 கோல். அந்த எண்ணை இன்றுவரை எவரும் தாண்டவில்லை, 1971இல் பீட்டர் ஹட்சன் எட்டிப் பிடித்ததோடு சரி. 1935 இறுதிப் போட்டிக்கு இரண்டு நாள் முன்பு ஒரு செங்கல் லாரி பிராட் மேல் மோதியது. அவர் ஆடவில்லை, அணி தோற்றது.

1982இல் அந்த அணி சிட்னிக்குக் குடிபெயர்ந்தது. ரக்பி லீக் ஊரில் ஃபுட்டிக்கு ஆள் சேர்ப்பது எளிதாக இருக்கவில்லை. 1933க்குப் பிறகு 72 ஆண்டு காத்து, 2005இல்தான் கோப்பை, அதுவும் நான்கே புள்ளி வித்தியாசத்தில். அந்த அணியில் 37ஆம் எண் அணிந்தவர் ஆடம் கூட்ஸ்.

கூட்ஸின் ஆட்டத்தில் நான் திரும்பத் திரும்பப் பார்த்து மகிழ்வது, ஓர் உடம்புக்குள் இரண்டு ஆட்டக்காரர்கள் இருந்ததை. 2003இல் பிரவுன்லோ பதக்கத்தை இருவரோடு பகிர்ந்துகொண்டபோது அவர் பெரும்பாலும் ரக். தன்னைவிடக் கனத்தவர்களோடு தோள் மோதி எம்பியவர். 2006இல் தனியாக வென்றபோது நடுக்களத்தில் நீண்ட எட்டு வைத்து ஓடியவர். நெட்டையானவர் தரையில் கிடக்கும் பந்துக்குக் குனிந்தால் நேரம் போகும் என்பார்கள். கூட்ஸ் ஓட்டம் குறையாமல் குனிந்து அள்ளி, நிமிரும்போதே திசை மாறியிருப்பார். 2012 இறுதிப் போட்டியில் முழங்கால் தசைநார் கிழிந்த நிலையிலும் களத்தை விட்டுப் போகாமல் கடைசிப் பகுதியில் ஒரு கோலும் அடித்தார். 372 ஆட்டங்கள், இரண்டு கோப்பைகள்.

எண்ணோ, நயமோ, எந்த அளவுகோலாலும் அவர் உள்ளே. ஓய்வு பெற்று ஐந்தாண்டு ஆனதும், தகுதி வந்த முதல் ஆண்டான 2021இலேயே மன்றத்தின் குழு ஒருமனதாகத் தேர்ந்தெடுத்தது. கூட்ஸ் வேண்டாம் என்றார்.

காரணம் ஊரறிந்தது. கூட்ஸ் அட்ன்யமதன்ஹா, நருங்கா பழங்குடி வழியினர். 2013 மே மாதம் மெல்பர்னின் எம்.சி.ஜி. திடலில் ஒரு சிறுமி அவரைக் குரங்கு என்றாள். அவர் காவலரிடம் சுட்டிக் காட்டினார். மறுநாள், அவளைக் குற்றம் சொல்லாதீர்கள், அவளுக்கு ஆதரவு தேவை என்று கேட்டுக்கொண்டார். 2014இல் அவர் 'ஆண்டின் ஆஸ்திரேலியர்'. பிறகு திடல் திடலாக அவருக்கு எதிராக ஊளைச் சத்தம். 2015 மே 29, சிட்னி, கார்ல்டனுக்கு எதிராக ஒரு கோல் அடித்ததும், பழங்குடிச் சிறுவர் அணியிடம் கற்ற போர் நடனத்தின் சில அடிகளை ஆடி, இல்லாத ஈட்டியைக் கூட்டத்தை நோக்கி எறிந்தார். அந்தச் சில நொடிகளில் அடி வைத்த ஒழுங்கும், கை நீண்ட நேர்த்தியும், முகத்தின் தெளிவும் அவர் அடித்த எந்தக் கோலுக்கும் குறைந்தவை அல்ல. ஊளை இன்னும் கூடியது. அந்தப் பருவத்தோடு வழியனுப்பு விழா எதுவும் இல்லாமல் விலகினார். 2019இல் ஃபுட்டி லீக்கை நடத்தும் ஏ.எஃப்.எல். அவரிடம் மன்னிப்புக் கேட்டது.

1993 ஏப்ரல் 17 அன்று காலிங்வுட்டின் விக்டோரியா பார்க்கில், வசை பாடிய கூட்டத்தின் முன் ஜெர்சியைத் தூக்கித் தன் கறுத்த தோலைச் சுட்டிக் காட்டிய இன்னொரு பழங்குடி ஆட்டக்காரர் நிக்கி வின்மார் 2022இல் மன்றத்தில் சேர்ந்தார். அவர் உள்ளே போனதும் சரி, கூட்ஸ் வெளியே நின்றதும் சரி. இரண்டையும் ஒரே மனத்தோடு ஏற்கிறேன். நேர்மையும் குணமும் தகுதி என்று ஆட்டக்காரரிடம் கேட்கிற மன்றத்திடம் அதையே திருப்பிக் கேட்க ஓர் ஆட்டக்காரருக்கு உரிமை உண்டு. அதைக் கூட்ஸ் ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல் கேட்டார்.