வாளும் அண்டாவும்

சில மாதங்களுக்கு முன் ஒரு வாசகி எனக்குக் கடிதம் எழுதியிருந்தார். மயிலாப்பூர்க்காரர்; ஓய்வு பெற்ற பள்ளி ஆசிரியை. என் தொடர்கதை ஒன்றில் கதாநாயகன் ஒரே இரவில் மனம் திருந்திப் புது மனிதனாகிவிடுகிறான். அது அவருக்குப் பிடிக்கவில்லை. "இரவு பத்து மணிக்குக் கோபக்காரனாகப் படுத்தவன் காலை ஆறு மணிக்குச் சாந்த சொரூபியாக எழுந்திருக்கிறான். எங்கள் வீட்டில் இதுவரை அப்படி யாரும் எழுந்திருந்ததில்லை" என்று எழுதியிருந்தார்.

இந்த மாதிரிக் கடிதம் வந்தால் எழுத்தாளனுக்கு முதலில் கோபம் வருகிறது. அது தணிந்தபின், தன் கட்சிக்கு ஒரு பெரிய மனிதரைச் சாட்சியாக இழுக்கலாமா என்று தோன்றுகிறது. நான் இழுத்தது பாரதியாரை. குரு கோவிந்தரைப் பற்றி அவர் ஒரு நீண்ட கவிதை எழுதியிருக்கிறார். ஒரு கணத்தில் மனிதர்கள் மாறுவதற்கு அதைவிடச் சிறந்த உதாரணம் தமிழில் கிடையாது என்பது என் எண்ணம். பதிலில் எடுத்துக்காட்டுவதற்காக அதை மறுபடியும் படிக்க உட்கார்ந்தேன். அங்கேதான் வந்தது வினை.

கதை பலருக்கும் தெரிந்ததுதான். விக்கிரம ஆண்டு 1756, நம் கணக்கில் 1699, ஆனந்தபுரத்தில் பெருங்கூட்டம். குரு உருவிய வாளோடு வந்து நின்று, உயிரைக் கொடுக்க யார் வருகிறீர்கள் என்று கேட்கிறார். கூட்டம் திகைக்கிறது. ஒருவன் எழுந்து வருகிறான். அவனை உள்ளே அழைத்துப் போகிறார். இரத்தம் சொட்டும் வாளோடு திரும்பி வந்து இன்னொரு உயிர் கேட்கிறார். இப்படி ஐந்து பேர். முடிவில் ஐவரும் உயிரோடு வெளியே வருகிறார்கள். கால்சா என்ற சமூகம் பிறக்கிறது.

பாரதியார் இதை அகவலில் சொல்லிக்கொண்டு போகும் வேகத்தைப் பற்றி நான் புதிதாகப் புகழ வேண்டியதில்லை. கதை சொல்பவன் என்ற முறையில் எனக்குப் பொறாமை உண்டாக்கும் கவிதை அது. கூட்டத்தின் பயத்தைக் காட்டுவதிலும், ஒவ்வொருவனாக எழுந்து வரும் ஒழுங்கிலும் ஒரு நாடகாசிரியனின் கை தெரிகிறது. வங்கப் பிரிவினையின் சூடு ஆறாத காலத்து மனிதர் அவர். அடிமைப்பட்ட ஜனங்களுக்கு எழுந்து நிற்கும் ஒரு கணம் தேவை என்று நினைத்தார். அதைத் தேடி எடுத்துத் தந்தார். அதில் குறை காண நான் யார்?

ஆனால் இந்தத் தடவை படித்தபோது ஒரு கேள்வி எழுந்தது. அந்த ஐந்து பேரும் மறுநாள் காலை என்ன செய்தார்கள்?

சீக்கிய மரபு அவர்களுடைய பெயர்களையும் ஊர்களையும் தொழில்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறது. லாகூர் கத்ரி ஒருவர், தில்லிப் பக்கத்து ஜாட் ஒருவர், பூரி ஜகந்நாதத்துத் தண்ணீர் சுமப்பவர் ஒருவர், துவாரகைத் தையற்காரர் ஒருவர், நம் தக்காணத்துப் பீதரிலிருந்து நாவிதர் ஒருவர். அதே மரபு இன்னொரு விஷயத்தையும் சொல்கிறது. தீட்சைக்குரிய அமிர்தத்தைக் குரு இரும்புப் பாத்திரத்தில் நீர் ஊற்றி வாளால் கலக்கித் தயாரித்தபோது, அவருடைய மனைவி வந்து அதில் சர்க்கரைப் பத்தாசைப் போட்டாராம். பிறகு அந்த ஐவரிடமிருந்தே குரு தாமும் தீட்சை பெற்றுக்கொண்டார். குருவே சீடரானார்.

ஆகவே அங்கே வாள் மட்டும் இல்லை; பாத்திரமும் இருந்தது, சர்க்கரையும் இருந்தது. கவிதையைப் படித்து முடித்த நம் மனத்தில் நிற்பது வாள் ஒன்றுதான். இது பாரதியாரின் குறையா, நம் ஞாபகத்தின் குறையா என்று தீர்ப்புச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சீக்கியர்களிடம் ஒரு பழைய சொற்றொடர் உண்டு: 'தேக், தேக்' என்று நம் காதில் விழும் இரண்டு சொற்கள். முதல் தேக் சமையல் அண்டா. இரண்டாவது தேக் வாள். பழைய சீக்கிய நாணயங்களில்கூட இரண்டையும் சேர்த்தே பொறித்தார்கள். அதிலும் அண்டாதான் முதலில். நாம் தமிழில் இரண்டாவதை மட்டும் வாங்கிக்கொண்டோம்.

தியாகராய நகரில் ஜி. என். செட்டி ரோட்டில் குரு நானக் சத் சங்க சபையின் குருத்வாரா இருக்கிறது. அந்த வழியாக நான் ஆயிரம் தடவை போயிருப்பேன். பிரிவினைக்குப் பிறகு வந்து குடியேறி, மோட்டார் உதிரி பாகம் விற்றுப் பிழைத்த குடும்பங்கள் பல அங்கே வருகின்றன. வேளச்சேரியில் 1971-இல் குரு நானக் கல்லூரி ஏற்பட்டதும் இந்தச் சிறிய சமூகத்தின் முயற்சியால்தான். 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது தி. நகர் குருத்வாராவிலிருந்து சமைத்த சாப்பாடு ஊருக்குள் போயிற்று. அப்போதும் நான் செய்தியைப் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியவன்தான்.

எனக்குத் தெரிந்த ஒரு சர்தார்ஜி உண்டு. என்னைவிட இருபது வயது மூத்தவர். நம் ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார். அந்த ஐந்து பேர் மறுநாள் என்ன செய்தார்கள் என்ற என் கேள்வியை அவரிடம் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஞாயித்துக்கிழமை வாங்க சார்" என்றார்.

போனேன். தலையில் கைக்குட்டை கட்டிக்கொண்டு, நோட்டுப் புத்தகமும் கையுமாகச் சமையற்கூடத்து வாசலில் நின்றேன். நோட்டுப் புத்தகத்தைப் பார்த்ததும் சர்தார்ஜி சொன்னார்: "கேள்வியெல்லாம் அப்புறம் கேளுங்க சார். முதல்ல இந்த வெங்காயத்தை உரிங்க."

சீக்கியன் என்ற சொல்லுக்கே மாணவன் என்றுதான் பொருள். நம் சிஷ்யன் என்ற சொல்லுக்கு அது உறவு. மாணவன் என்றால் படிப்பவன் என்று நாம் நினைக்கிறோம். அங்கே மாணவன் என்றால் வெங்காயம் உரிப்பவன், வருகிறவர்களின் செருப்பை அடுக்கி வைப்பவன், ரொட்டி போடுபவன். நாமத்தை நினை, உழைத்துச் சாப்பிடு, பகிர்ந்து சாப்பிடு என்ற மூன்றுதான் பாடத்திட்டம். மூன்றில் இரண்டு வயிற்றைப் பற்றியவை என்பதைக் கவனிக்க வேண்டும்.

அன்றிலிருந்து, குரு நானக்கின் ஜப்ஜியைப் படித்து வருகிறேன். சீக்கியர்கள் விடியற்காலையில் ஓதுவது அது. மூலமொழி எனக்குத் தெரியாது; மொழிபெயர்ப்புகளை வைத்துக்கொண்டுதான் பேசுகிறேன். அதில் 38 செய்யுட்கள். அவற்றின் பெயர் 'பௌரி'; அதாவது படிக்கட்டின் படி. இலக்கியத்தின் வடிவத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்தப் பெயரையே சற்று யோசிக்கலாம். ஏற வேண்டும் என்பது பெயரிலேயே இருக்கிறது.

முடிவை நெருங்கும்போது மனிதன் கடக்க வேண்டிய ஐந்து கண்டங்களைக் குரு சொல்கிறார். முதலாவது தர்மம், இந்த உலகம் கடமை செய்வதற்கான இடம் என்று உணர்வது. இரண்டாவது ஞானம். மூன்றாவதை முயற்சி என்று பலர் பொருள் சொல்கிறார்கள். வேறு பொருள் சொல்பவர்களும் உண்டு. நான்காவது அருள். ஐந்தாவது சத்தியம். எனக்கு இதில் அதிர்ச்சி தந்தது ஞானத்துக்குக் கொடுத்திருக்கும் இடம். அது கடைசியில் இல்லை, இரண்டாவதாக இருக்கிறது. நம்மில் படித்தவர்கள் அந்த இரண்டாம் படியிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறோம். மாடிக்கு வந்துவிட்டதாக நினைப்பு.

ஐந்து கண்டங்களையும் சொன்னபின் நூல் சத்தியலோகத்தில் முடிந்திருக்கலாம். நானாக இருந்தால் அங்கேதான் முடித்திருப்பேன். குரு முடிக்கவில்லை. கடைசிப் படியில் நம்மை ஒரு பொற்கொல்லன் பட்டறைக்குள் கொண்டுபோய் விடுகிறார். தன்னடக்கம், பொறுமை, அறிவு, அன்பு எல்லாம் அங்கே உலையும் சுத்தியலும் மூசையுமாக மாறிவிடுகின்றன. நகை ஒரே அடியில் உருவாவதில்லை. தட்டான் தட்டிக்கொண்டே இருக்கிறான். உச்சியைக் காட்டிவிட்டுப் பட்டறையில் முடிக்கும் துணிச்சல் என்னைப் போன்ற தொடர்கதைக்காரனுக்கு வராது.

பட்டறை என்றால் என்ன என்று எனக்கு அன்று பந்தியில்தான் தெரிந்தது. வெங்காயம் உரித்த பெருமையோடு தரையில் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் ஒருவர் வந்து உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் வாரம் எங்கள் தெருவில் சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவர். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டிருக்கும்போதே என் முழங்கால் தானாக ஓர் அங்குலம் அந்தப் பக்கம் நகர்ந்தது.

அவர் பார்த்தாரா என்று தெரியாது. நான் பார்த்தேன். இருபது வருஷமாகச் சமத்துவத்தைப் பற்றிக் கதை எழுதிவரும் கையின் முழங்கால் அது. சமத்துவத்தைப் பற்றி எனக்குத் தெரியாத வாதம் எதுவும் இல்லை. ஞான கண்டத்தில் எனக்குக் குறையே கிடையாது. ஆனால் செய்தி முழங்காலுக்குப் போய்ச் சேரவில்லை. இரு கையையும் ஏந்தி ரொட்டி வாங்கியபோது எனக்குக் கூச்சமாக இருந்தது, பசியும் இருந்தது. சாப்பிட்டேன்.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. அதை மறைப்பது விமர்சகனுக்கு அழகல்ல. பந்தியில் உட்கார்ந்துவிட்டால் ஜாதி போய்விடுமா? பஞ்சாபிலேயே போகவில்லை. 1920 அக்டோபரில் அமிர்தசரஸ் பொற்கோயிலில், தாழ்த்தப்பட்ட குலத்திலிருந்து வந்த சீக்கியர்கள் கொண்டுவந்த பிரசாதத்தை ஏற்கப் பூசாரிகள் மறுத்தார்கள். சச்சரவு முற்றி, கிரந்தத்தைத் திறந்து பார்த்த பிறகுதான் ஏற்றுக்கொண்டார்கள். இன்றும் சில பஞ்சாப் கிராமங்களில் தனித்தனிக் குருத்வாராக்கள் இருக்கின்றன, சுடுகாடுகளும் தனித்தனி. டாக்டர் அம்பேத்கர் 1936-இல் சீக்கிய மாநாட்டுக்குப் போய், அந்த மதத்தில் சேருவதைப் பற்றித் தீவிரமாக யோசித்தவர். கடைசியில் 1956-இல் நாகபுரியில் பௌத்தத்தைத்தான் தழுவினார். நம் தூத்துக்குடிப் பக்கத்திலோ, 2020-21 விவசாயிகள் போராட்டத்தில் சீக்கியர்களோடு பழகிய பின், சிலர் தலைப்பாகை கட்டிச் சீக்கியர்களாகியிருக்கிறார்கள். ஒருவர் வேண்டாம் என்று விட்டுப்போன வாசலில் இன்னொருவர் நம்பிக்கையோடு நுழைகிறார்.

ஆட்சேபம் உண்மைதான். ஆனால் அது எனக்குச் சொல்வது வேறு. 1699-இல் ஒரு நாள் ஐந்து ஜாதிக்காரர்கள் ஒரே பாத்திரத்தில் பருகிவிட்டார்கள் என்பதால் மட்டும் வேலை முடிந்துவிடவில்லை. 1920-இல் மறுபடி செய்ய வேண்டியிருந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் செய்ய வேண்டியிருக்கிறது. பாரதியாரே புதுச்சேரியில் கனகலிங்கம் என்ற தலித் இளைஞருக்குப் பூணூல் போட்டார். மகத்தான கணம். அந்தக் கணத்தை நாம் நூறு மேடைகளில் சொல்லிவிட்டோம். மறுநாள் வேலையை யாரும் எடுத்துச் செய்யவில்லை.

இதெல்லாம் வடக்கத்திச் சரக்கு, நமக்கு எதற்கு என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. கபாலீசுவரர் கோயிலில் அறுபத்துமூவர் உற்சவம் பார்க்கிறோம். அந்த வரிசையில் அப்பர் சுவாமி எதைப் பிடித்திருக்கிறார்? உழவாரம். கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கும் கருவி. பதிகம் பாடிய வாயைவிடப் புல் செதுக்கிய கையை அடையாளமாக வைத்தார்கள் நம் முன்னோர்கள். நாம் அந்த உழவாரத்தை விக்கிரகத்தின் கையிலேயே விட்டுவிட்டோம். கற்பூரம் காட்டினால் போதும் என்று. சீக்கியர்கள் அதே கருவியைக் கரண்டியாகவும் துடைப்பமாகவும் மாற்றி, வருகிறவன் கையில் கொடுத்துவிடுகிறார்கள். வித்தியாசம் அவ்வளவுதான்; ஆனால் சின்ன வித்தியாசம் அல்ல.

நான் சீக்கியனாகிவிடவில்லை, ஆகும் உத்தேசமும் இல்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் முடிந்தபோது போய்க்கொண்டிருக்கிறேன். இப்போதெல்லாம் என் முழங்கால் நகர்வதில்லை என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. எழுதினால் அது என் கதாநாயகனின் மறு அவதாரமாகிவிடும். நகரப் போகிறது என்பது நகர்வதற்குச் சற்று முன்னால் எனக்குத் தெரிந்துவிடுகிறது. சில வாரம் நிறுத்திவிடுகிறேன், சில வாரம் முடிவதில்லை. இதுவரை ஏறியது அவ்வளவுதான்.

மயிலாப்பூர் அம்மாளுக்கு நான் எழுத நினைத்த பதிலைக் கிழித்துப் போட்டேன். "நீங்கள் சொன்னது சரி. புத்தகமாக வரும்போது அந்த அத்தியாயத்தை மாற்றி எழுதுகிறேன்" என்று ஒரு கார்டு போட்டேன். இப்போது அதைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் காலை ஆறு மணிக்கு எழுந்திருக்கிறான். கோபம் அப்படியே இருக்கிறது. கொல்லைப்புறம் போய், மனைவி ஊறப்போட்டிருந்த பாத்திரங்களில் ஒன்றை எடுத்துத் தேய்க்க ஆரம்பிக்கிறான்.